தொட்டிக்குள் கேட்ட சிரிப்பு

போன புதன்கிழமை காலை, தண்ணீருக்குள் மூழ்கித் திணறிக்கொண்டிருந்த என்னை என் மனைவி கோமதி கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கோமதியால் எழுந்து நிற்க முடியாது. ஏழு மாதமாகப் படுக்கைதான். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியில் உங்களிடமும்தான்.

ஐந்து நாளாகியும் அந்த அதிர்ச்சி எனக்குத் தெளியவில்லை. வேறு ஏதாவது எழுதிச் சமாளிக்கலாம் என்று உட்கார்ந்தால் கை இதைத்தான் எழுதுகிறது. எழுதிவிட்டுப் போகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஹந்தானைச் சரிவில் ஒரு காப்பித் தோட்டத்தில் பெரிய கணக்குப்பிள்ளை. விடிந்ததும் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்க, நிற்கவைத்து, யார் எந்த மலைக்கு, யார் காப்பி பதப்படுத்தும் ஸ்டோருக்கு என்று பிரித்து அனுப்புவது என் வேலை. நூற்றிருபது பேர் எங்கே போகவேண்டும் என்பது என் வாயில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை. இதில் மண்டை கொஞ்சம் வீங்காமல் இருக்குமா?

வைகாசி மழையில் கோமதி வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் நல்ல அடி. கண்டியிலிருந்து டாக்டரைக் கூட்டி வந்தேன். எலும்பு ஒன்றும் உடையவில்லை, ஆறு வாரம் படுத்திருக்கட்டும் என்றார். படுத்திருந்தாள்.

ஆறு வாரம் கழித்து எழுந்து நின்றாள். இரண்டு அடி வைத்தாள். இடதுகால் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போய் மடங்க மறுத்தது. வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இனிமேல் நான் சொல்லும்வரை எழக்கூடாது என்று ரூல் போட்டேன். அவளும் எழவில்லை.

டாக்டர் சொன்னது ஆறு வாரம். மீதி ஐந்தரை மாதம் நான் சேர்த்தது.

ஒன்றும் குறை வைக்கவில்லை. தைலம், கஷாயம், புது மெத்தை... குளிக்க வெந்நீர் கட்டிலுக்கே வரும். கணக்குப்பிள்ளை வீடுகளில் அதுதான் மரியாதை, உங்களுக்குத் தெரியாததல்ல. கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் தண்ணீரைத் தேடி, மலைநீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களைத் தேடித் தண்ணீர் வரும். எங்களுக்குத் தண்ணீர் தூக்க சுடலை என்று ஒரு ஆள். கோமதிக்கு உடம்பு துடைத்துவிட பேச்சியம்மாள் என்று ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு, ஸ்டோரில் காப்பி கழுவுகிறவள்.

பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மருந்து குடித்தாயா என்பேன். ம் என்பாள். வலி இருக்கிறதா என்பேன். அதற்கும் ம். பதினேழு வருஷம் வாயாடியாக இருந்தவள், ஐப்பசி பிறக்கும்போது ஒற்றை எழுத்துக்கு வந்துவிட்டாள். நோயாளி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? ‘நோயாளியை அசைய விடாதீர்கள். ஓய்வே மருந்து.’ எவ்வளவு கடிதங்கள். மடவளையிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி, முழங்கால் வலிக்காரியான தன் உம்மாவை அன்றைக்கே கட்டிலில் போட்டுவிட்டதாக எழுதியிருந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தப் பத்தியைக் கோமதிக்கு வாசித்தும் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே வாரம் கோமதிக்குப் போர்வை மாற்றும்போது அவள் குதிகாலில் காப்பித் தொலி ஒன்று ஒட்டியிருந்தது. கட்டிலைவிட்டு இறங்காதவள் காலில் காப்பித் தொலி எப்படி வரும்?

கண்டுபிடித்துவிட்டேன். சுடலை சோம்பேறித்தனப்பட்டு, பீலிக்குப் போகாமல், பழத்தொலி மிதந்து ஓடும் ஸ்டோர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வருகிறான். கூப்பிட்டுத் திட்டினேன். திட்டு என்றால் சாதாரணத் திட்டு இல்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு, “சரிங்கய்யா, இனிமே பீலித் தண்ணிதாங்கய்யா” என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று நினைத்தேன்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன்.

பிரட்டு முடித்து ஆட்களோடு மேல்மலைக்குப் பாதி தூரம் ஏறிய பிறகுதான் தெரிந்தது, மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். நல்ல பனிமூட்டம் வேறு. கங்காணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். காப்பிப் பழம் பறிக்கும் இந்தப் பழக்காலத்தில் அந்த நேரத்துக்கு நான் ஒருநாளும் கீழே வந்ததில்லை.

என் வீட்டுக்கும் ஸ்டோருக்கும் நாற்பது அடிதான். ஸ்டோரைத் தாண்டும்போது ஒரு சிரிப்புச் சத்தம்.

கழுவுதொட்டிப் பக்கமிருந்து வந்தது. தோட்டம் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பறித்து வந்த பழத்தை உரித்து, கொட்டையை ஒரு ராத்திரி ஊறப்போடுவோம். காலையில் பார்த்தால் அதன்மேல் வெண்டைக்காய் மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும். அது போகவேண்டும். கொட்டையைக் கழுவுதொட்டியில் தள்ளி, இடுப்பளவு தண்ணீர் திறந்துவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி மிதிப்பார்கள். முன்னால் நிற்பவர் தோளில் பின்னால் நிற்பவர் கை. அப்படியே வரிசையாக, சுற்றிச் சுற்றி. கடுகண்ணாவைக் கணவாயை ரயிலில் கடந்து, கொழும்பில் கப்பலேறிப் போகிற அத்தனை காப்பியும் முதலில் இந்தக் கால்களுக்கடியில்தான் புரள்கிறது. சீமையில் குடிக்கிறவர்களிடம் யாரும் சொல்லவேண்டாம்.

நல்ல வாய்விட்ட சிரிப்பு அது. நின்றது, மறுபடியும் தொடங்கியது. வேலைநேரத்தில் சிரிப்பு கேட்டால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் — என் அகராதியில்.

வாசலில் நின்று எட்டிப்பார்த்தேன். கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தொட்டி விளிம்புக்கு மேலே ஆறு தலைகள் மங்கலாகத் தெரிந்தன.

“யாருடி அது சிரிக்கிறது? நாளைக்கு அவளுக்கு மேமலதான்” என்று ஒரு சத்தம் போட்டேன்.

மேல்மலை எங்கள் தோட்டத்தின் உச்சி. ஒரு மைல் ஏற்றம், குளிர், அட்டைக்கடி. எனக்குப் பிடிக்காதவர்களை அங்கேதான் அனுப்புவேன்.

தொட்டிக்குள் சத்தம் அடங்கியது. பிறகு ஒரு குரல் வந்தது.

“நான்தாங்க.”

கோமதி.

இதுதான் என் முதல் அதிர்ச்சி. அவள் அங்கே நின்றது அப்புறம். பதினேழு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளின் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது அதிர்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழு மாதமாகப் படுத்திருந்தவள் இரண்டு காலில் நிற்கிறாள். நான் அதையா பார்த்தேன்? இல்லை. வேறு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். துரை வருகிறாரா, அடுத்த தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வருகிறாரா என்று பார்த்தேன். கணக்குப்பிள்ளை வீட்டு அம்மாள் லயத்துப் பெண்களோடு ஒரே தண்ணீரில் முந்தானையைச் செருகிக்கொண்டு... ஊர் என்ன சொல்லும்? மனதில் முதலில் ஓடியது இதுதான். இப்படிப்பட்ட ஆள்தான் வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறான்.

“வெளிய வா” என்றேன்.

“வர்றேங்க. படி ஏறத்தான் இன்னும் வரல. கை குடுங்க.”

கையை நீட்டிக்கொண்டு தொட்டி விளிம்புக்குப் போனேன். விளிம்பெல்லாம் அந்த வழவழப்பு. என் காலில் பூட்ஸ். அடுத்த நொடி, கணக்குப்பிள்ளை தலைகுப்புற உள்ளே.

இடுப்பளவு தண்ணீர்தானே என்று சிரிக்காதீர்கள். கால் ஊன்றினால் கொட்டை உருளும். எழுந்தால் வழுக்கும், மறுபடி மூழ்குவேன். மூக்கில் தண்ணீர், வாயில் காப்பித் தொலி. மூன்றாம் முறை மூழ்கும்போது செத்தேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தியது.

அந்தக் கையில் நடுக்கம் இல்லை. ஏழு மாதமாகக் கஞ்சி டம்ளரைப் பிடிக்க நான் தாங்கிக்கொண்டிருந்த கை அது.

“கால உருட்டாதீங்க. பாதத்தப் பதிச்சு வைங்க. ம், அப்படித்தான். மூச்ச விடுங்க” என்றாள் கோமதி.

பதித்தேன். நின்றேன். அவளும் நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேராக, ஒரே உயரத்தில். அதுவரை நான் அவளைக் குனிந்துதான் பார்த்திருக்கிறேன்.

“எத்தன நாளா இது?”

“பழம் தொடங்குனதுலருந்து.”

“ஆறு வாரமாவா? எப்படி வந்த?”

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள். “கதிரையில ஒக்கார வச்சுத் தூக்கிட்டு வந்தோமுங்க. நாலு பேரு. திருவிழாவுல அம்மன தூக்குறாப்புல.”

“நாலு பேரா? யாரு யாரு?”

தொட்டியின் மூலையிலிருந்த ஆறாவது தலை மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தது. சுடலை. வாய்க்கால் தண்ணீருக்காக நான் திட்டித் தீர்த்த அதே சுடலை. செய்யாத குற்றத்துக்கு வாயைத் திறக்காமல் திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், அவள் நடக்கவேண்டும் என்பதற்காக.

கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பீங்களா?” என்றாள் கோமதி.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். நீங்களே சொல்லுங்கள், விட்டிருப்பேனா?

“வீட்ல நான் கனங்க” என்றாள். “பொரண்டு படுக்க ஒரு ஆளு, உக்கார ஒரு ஆளு. நீங்க தூக்கும்போது உங்களுக்கு மூச்சு வாங்கும், அத நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். தண்ணிக்குள்ள நான் கனமில்ல. மொத நாளு இவங்க என்னய எறக்கி விட்டதும், காலு தானா முன்னால போச்சு. நான் வைக்கல, அதுவா போச்சு. அன்னிக்கு நான் அழுதத பேச்சியம்மா கிட்ட கேளுங்க.”

“அக்கா அழுதுச்சு, அப்புறம் சிரிச்சுச்சு. கழுவி முடிக்கிற வரைக்கும் ரெண்டும்தான்” என்றாள் பேச்சியம்மாள்.

அக்கா. வீட்டில் கோமதி இவளுக்கு அம்மா. நாற்பது அடி தள்ளி, தண்ணீருக்குள் அக்கா. எப்போது மாறியது என்று இருவருக்குமே தெரியாதாம்.

பேச்சியம்மாளிடம் கேட்டேன். “இது ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லணும்? ஊருலருந்து தோணியேறி, மன்னாருலருந்து நடந்து வந்த காலுங்கய்யா இது. மாத்தளைக்கு வந்து சேரயில முட்டி ரெண்டும் பூசணிக்கா. இன்னைக்கும் மழ வந்தா மடக்க முடியாது. தொட்டியில எறங்கி ரெண்டு சுத்து மிதிச்சா தெரியாதுங்க. இங்க உள்ள கெழவிக அம்புட்டு பேருக்கும் தெரியுமே. அதுக்குத்தான தொட்டி வேலைக்கு அடிச்சுக்குறோம்.”

வாசகர்களே, எனக்கு மூன்றாவது அடி இதுதான். இதுதான் பலமாக விழுந்தது.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு பழக்காலத்திலும், வயதான பெண்கள் பிரட்டில் என்னைச் சுற்றிக்கொண்டு “தொட்டிக்கு அனுப்புங்கய்யா” என்று கெஞ்சுவார்கள். ஹந்தானைக் குளிரில், விடிகாலைத் தண்ணீரில், இடுப்பளவு நிற்க ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தேனா? ஏறி இறங்கச் சோம்பல் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதிகம் கெஞ்சினவர்களை எங்கே அனுப்பினேன் தெரியுமா? மேல்மலைக்கு. வீங்கின முட்டியோடு ஒரு மைல் ஏற்றம். ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பேச்சியம்மாளையும் அனுப்பியிருக்கிறேன். எத்தனை தடவை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தைரியம் இல்லை.

“சும்மா நின்னா வெறைச்சிரும். மிதிங்கய்யா” என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பூட்ஸைக் கழற்றி வெளியே எறிந்தேன். கோமதிக்குப் பின்னால் போய் அவள் தோளில் கை வைத்தேன். எனக்குப் பின்னால் சுடலை. வழக்கமாக என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன்.

“தோள்ல கை வைக்கலாமுங்களா?” என்று கேட்டான்.

வை என்றேன். வைத்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கை என்மீது பட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீருக்குள் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒருவர் வழுக்கினால் மொத்த வரிசையும் ஆடும். ஆடியதும் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது சுற்றில் நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியாது.

மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கழுவி முடித்துத் தண்ணீரை வெளியே திறந்துவிட்டதும், என்னையும் பேச்சியம்மாளையும் பிடித்துக்கொண்டு கோமதி படியேறினாள். அதற்கு மேல் யாரும் பிடிக்கக்கூடாது என்றாள். தரையில் பதினோரு அடி வைத்தாள். நான் எண்ணினேன். பன்னிரண்டாவது அடியில் முழங்கால் மடங்கிவிட்டது. கதிரை தயாராக இருந்தது, உட்கார்ந்துகொண்டாள். கதிரையின் முன்பக்கக் கை ஒன்றை நான் பிடித்துத் தூக்கினேன். இது ஐந்தாவது ஆளின் வேலையாம், இத்தனை நாள் காலியாக இருந்ததாம்.

அன்றைக்கே மடவளைக்காரருக்குக் கடிதம் எழுதினேன். பத்தி அச்சாகும்வரை காத்திருக்க முடியுமா? நான் எழுதியது தப்பு, உங்கள் உம்மாவைத் தயவுசெய்து எழுப்புங்கள், பக்கத்தில் ஆறு இருந்தால் ஆள் துணையோடு இறக்குங்கள் என்று எழுதிச் சுடலையிடமே கொடுத்தனுப்பினேன். பதிலை அவனே கொண்டுவந்தான். ‘உம்மாவை ரெண்டு நாளுக்கு மேல படுக்க வைக்க எங்களால ஏலாம போச்சு. உங்க பேப்பர எடுத்து அடுப்பு மூட்டிட்டு கடைக்கு வந்துட்டா’ என்று எழுதியிருந்தார். இவ்வளவு நிம்மதியாக ஒரு கடிதத்தை நான் படித்ததே இல்லை.

என் பேச்சைக் கேட்டுவிட்ட மற்றவர்கள் இருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். அன்பாகத்தான் செய்தேன். கோமதியையும் அன்பாகத்தான் படுக்கவைத்தேன். அவள் எழுந்தால் விழுவாளே என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்துக்கு மருந்தாக அவளைக் கட்டிலில் போட்டிருக்கிறேன். இது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பழம் தையோடு முடிந்துவிடும். தொட்டி காய்ந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று கோமதி ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டாள். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆழமில்லாத இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம், பேச்சியம்மாளை அனுப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டி வலிக்கிற கிழவிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். வண்டிக்கு ஏற்பாடு செய்யவேண்டியது நான். ஊர் பார்க்கும்தான். பார்த்துக்கொள்ளட்டும்.

இனிமேல் தொட்டி வேலைக்கு ஆள் பிரிப்பது யார் தெரியுமா? பேச்சியம்மாள். யாருக்கு எந்த முட்டி வலிக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

நேற்று கோமதிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். தானே உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“சிரிச்சவள மேமலைக்கு அனுப்புறேன்னு சொன்னீங்களே. எப்பங்க?”

“நடந்து போறதா இருந்தா இப்பவே அனுப்புறேன்.”

கொஞ்சம் யோசித்தாள். “இந்தப் பழத்துக்கு ஏலாது. அடுத்த பழத்துக்கு எம் பேர எழுதிக்கிங்க” என்றாள்.

எழுதிக்கொண்டேன். ஒரு மைல் ஏற்றம், அவள் ஏறிவிடுவாள். எனக்குத்தான் மூச்சு வாங்கும்.